பாலைவன ரோட் ட்ரிப்ல ராத்திரி கேம்ப் போட நல்ல இடம் கண்டுபிடிக்கறது எப்படி: முழு வழிகாட்டி

பாலைவனத்துல நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வர்றப்போ சாயங்காலம் ஒரு நேரம் வரும், வெயில் மஞ்சளாயிடும், வண்டில இருக்கற எல்லாரும் களைச்சுப் போயிருப்பாங்க, அப்போன்னு பாத்து ரோட்டோரமா ஒரு இடம் கண்ணுல படும். பாய் விரிச்ச மாதிரி சமதரை, பொடி மணல், ரெண்டு பக்கமும் காத்தை மறைக்கற மாதிரி கரை, நிழலுக்கு ஒரு மரம் வேற. "இங்கேயே போட்டுடலாம்"னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. பெரும்பாலும் அந்த இடம் ஒரு வறண்ட ஓடையோட படுகையா இருக்கும்.

நானும் முதல் தடவை அப்படி ஒரு இடத்துலதான் படுத்தேன். அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் ஆகலை. ஆனா காலைல எழுந்து நிமிந்து பாத்தா, மரக்கிளைல என் தலைக்கு மேல ஒரு முழம் உயரத்துல காஞ்ச புல்லும் குச்சியும் கொத்தா சிக்கி நிக்குது. தண்ணி அந்த உயரத்துக்கு வந்துட்டுப் போயிருக்கு. அதுக்கப்புறம் எந்தப் பாலைவனத்துல சமதரையைப் பாத்தாலும் எனக்குள்ள முதல்ல வர்ற கேள்வி ஒண்ணுதான்: இந்த இடத்தை யாரு சமமாக்கினது? தண்ணியா, காத்தா, வண்டி டயரா, ஆடுமாடு ஒட்டகமா? இதுக்கு விடை கிடைக்கற வரைக்கும் டெண்டை வெளிய எடுக்கறதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுத்திதான் போகும்.

1. நெட்வொர்க் இருக்கறப்பவே மேப்ல மூணு இடம் குறிச்சு வைங்க

ஒரு இடம் மட்டும் பாத்து வச்சுட்டுப் போகாதீங்க. அங்க ஏற்கனவே யாராவது இருப்பாங்க, இல்ல வழி மணல்ல மூடிப் போயிருக்கும், இல்ல கேட் போட்டுப் பூட்டியிருப்பாங்க. நான் எப்பவும் மூணு வச்சுக்கறேன்: அன்னிக்கு சாயங்காலம் எங்க போய்ச் சேருவோம்னு நினைக்கறோமோ அங்க ஒண்ணு, அதுக்கு ஒரு 40 கிலோமீட்டர் முன்னாடியே ஒண்ணு, தாண்டி ஒண்ணு. பஞ்சர், போட்டோ எடுக்க நிக்கறது, வழி தப்பறதுன்னு பாலைவனத்துல நேரம் எப்படியும் இழுக்கும், அதனால அந்த முன்னாடி குறிச்ச இடம்தான் நிறைய தடவை கை கொடுக்கும்.

சாட்டிலைட் படத்தைப் பெருசாக்கிப் பாக்கப் பழகுங்க. வெளிர் நிறத்துல மரத்தோட வேர் மாதிரி கிளை கிளையா பிரிஞ்சு போற கோடுகள் எல்லாம் ஓடைகள். புதர்கள் வரிசையா கரும்புள்ளி வச்ச மாதிரி நின்னா அந்த வரிசைக்கு அடியில தண்ணி ஓடுற பாதை இருக்குன்னு அர்த்தம். பளீர்னு வெள்ளையா, ஒரு கோடும் இல்லாம விரிஞ்சு கிடந்தா அது உப்புத்தரையாவோ காஞ்சு போன ஏரியாவோ இருக்கும், பாக்க ஆசையா இருந்தாலும் அதோட நடுவுல போகாதீங்க, காரணம் கீழ சொல்றேன். இதோட உயரக்கோடு காட்டற டெரெய்ன் மேப்பையும் சேத்துப் பாத்தா எது மேடு எது பள்ளம்னு பாதி விஷயம் உக்காந்த இடத்துலயே தெரிஞ்சுடும்.

கூகுள் மேப்ஸை ஆஃப்லைனுக்கு டவுன்லோட் பண்ணி வச்சா ரோடு மட்டும்தான் வரும், சாட்டிலைட் படம் வராது. அதனால மூணு இடத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அட்சரேகை தீர்க்கரேகை நம்பரை ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க. ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப் நெட் இல்லாம வேலை செய்யும், சின்னச் சின்ன மண்பாதை கூட அதுல இருக்கும். ஐஓவர்லேண்டர்ங்கற ஆப்ல பயணிகள் தாங்கள் தங்கின இடங்களைப் பதிஞ்சு வச்சிருப்பாங்க, அதைப் படிக்கறப்போ எழுதின மாசத்தைப் பாருங்க, குளிர்காலத்துல ஒருத்தர் "அருமையான இடம்"னு எழுதினது கோடைக்குப் பொருந்தாது, மழை சீசனுக்கு சுத்தமா பொருந்தாது.

2. அங்க தங்க அனுமதி இருக்கா?

ஆளே இல்லாத வெட்டவெளிதானேன்னு நினைக்கறோம், ஆனா ஒவ்வொரு நாட்டுலயும் இதுக்கு விதி வேற வேற. அமெரிக்காவுல பிஎல்எம்னு சொல்ற அரசு நிலத்துல பெரும்பாலான இடங்கள்ல 28 நாளுக்குள்ள 14 நாள் வரைக்கும் காசு கட்டாம தங்கலாம், ஆனா அதை ஒட்டியே இருக்கற தேசியப் பூங்காவுக்குள்ள நுழைஞ்சுட்டா குறிச்ச இடம், பெர்மிட்னு கதையே வேற. நமீபியாவுல நமீப்-நவ்க்லுஃப்ட் பூங்காவுக்குள்ளயும் குறிச்ச இடத்துலதான் தங்கணும். ஓமன்ல திறந்தவெளியில டெண்ட் போடறது சாதாரணமா நடக்கற விஷயம்.

நாட்டு எல்லை ஓரம், ராணுவப் பயிற்சி நிலம், பழைய சுரங்கப் பகுதி இது மூணையும் மேப்லயே தள்ளி வச்சுடுங்க. மேற்கு சஹாராவுல பழைய போரோட கண்ணிவெடிகள் இன்னும் மண்ணுக்குள்ள கிடக்கு, அங்கெல்லாம் பாதையை விட்டு பத்தடி கூட எறங்கக் கூடாது.

இன்னொண்ணு, கிணறு, தொட்டி, சுனை பக்கத்துல போடாதீங்க. சுத்துவட்டாரத்துல இருக்கற அத்தனை உயிருக்கும் அது ஒண்ணுதான் தண்ணியா இருக்கும், நாம பக்கத்துல லைட் போட்டு உக்காந்தா அதுங்க தாகத்தோட தூரத்துலயே நின்னுட்டுத் திரும்பிடும். அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல இதுக்குன்னு சட்டமே இருக்கு, விலங்குகள் தண்ணிக்கு வர முடியாதபடி கால் மைலுக்குள்ள, அதாவது சுமார் 400 மீட்டருக்குள்ள தங்கக் கூடாதுன்னு. சட்டம் இல்லாத ஊர்லயும் நான் அந்த 400 மீட்டரைக் கடைப்பிடிக்கறேன்.

3. சூரியன் மறையறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தேட ஆரம்பிங்க

இந்த ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. மத்த எல்லா தப்பும் பெரும்பாலும் இதுலேர்ந்துதான் பிறக்குது, ஏன்னா இருட்டிட்டா யாரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கறதில்லை, கிடைச்சதுல படுத்துடறோம்.

எவ்வளவு வெளிச்சம் பாக்கி இருக்குன்னு பாக்க கையை நீட்டி, விரல்களைப் படுக்கவாட்டுல வச்சு, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல எத்தனை விரல் அடங்குதுன்னு எண்ணுங்க (சூரியனை நேரா உத்துப் பாக்காம). ஒரு விரலுக்குத் தோராயமா கால் மணி நேரம், நாலு விரல்னா ஒரு மணி நேரம். ரெண்டு கை ஒண்ணு மேல ஒண்ணா அடங்கற நேரத்துல மெயின் ரோட்டை விட்டு எறங்கணும். மலை பக்கம் இருந்தீங்கன்னா அடிவானம்ங்கறது மலை உச்சிதான், அதுக்குப் பின்னாடி சூரியன் போனதும் நிழல் விழுந்துடும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

ஹெட்லைட்டை நம்பித் தேடாதீங்க. ஹெட்லைட் வெளிச்சத்துல கெட்டித் தரையும் பொதமணலும் ஒரே மாதிரிதான் தெரியும், குழி இருக்கற இடம் வெறும் கறுப்பா தெரியும், அது நிழலா பள்ளமான்னு கிட்ட போனாதான் புரியும். அதோட அந்தி நேரத்துலதான் ஒட்டகம், மான், கங்காருன்னு அந்தந்த ஊர் விலங்கெல்லாம் ரோட்டைக் கடக்கும்.

சரி, எல்லாம் மீறி இருட்டிடுச்சு, என்ன பண்றது? ரோட்டை விட்டு எறங்காதீங்க, அவ்வளவுதான். அடுத்த பெட்ரோல் பங்க், லாரி நிறுத்தற இடம், ஊர் எல்லை, எது வருதோ அங்க ஓரமா நிறுத்தி கேட்டுட்டு வண்டிக்குள்ளயே சீட்டைச் சாய்ச்சுப் படுங்க. தூக்கம் சுமாராதான் வரும், ஆனா விடிஞ்சப்புறம் வண்டி நகரும்.

4. பாதைல எறங்கறப்போ: முதல்ல கால், அப்புறம் டயர்

ஏற்கனவே இருக்கற வண்டித் தடத்துல மட்டும் எறங்குங்க. மெயின் ரோட்டுலேர்ந்து அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் உள்ள போனாலே போதும், லாரிச் சத்தமும் ஹெட்லைட்டும் குறைஞ்சுடும், அதுக்கு மேல உள்ள போனா காலைல ஏதாவது ஆச்சுன்னா நடக்கற தூரம்தான் கூடும். தரை கொஞ்சம் மாறற மாதிரி தெரிஞ்சாலே வண்டியை நிறுத்தி எறங்கி முன்னாடி நடந்து பாருங்க. குதிகாலை ஊனி அழுத்துங்க, தடம் மட்டும் விழுந்தா பரவாயில்லை, கால் கணுக்கால் வரைக்கும் எறங்குச்சுன்னா சாதாரண கார் அங்க நிக்கும், நகராது. நாலு வீல் டிரைவ் வண்டியா இருந்தா டயர்ல காத்தை எறக்கிட்டுப் போகலாம், தார் ரோட்டுல 32, 35 பிஎஸ்ஐ இருக்கறதை மணலுக்கு 18, 20 வரைக்கும் குறைப்பாங்க, அகலமா படிஞ்சு மணல் மேல மிதக்கற மாதிரி போகும். வண்டிக்கு வண்டி இது மாறும், உங்க வண்டி எடையைப் பொறுத்துப் பாத்துக்கோங்க. காத்து அடிக்கற கம்ப்ரசர் கையில இல்லைன்னா மட்டும் தயவுசெஞ்சு எறக்காதீங்க, காத்து குறைஞ்ச டயரோட தார் ரோட்டுல வேகமா போனா டயர் சூடாகி வெடிக்கும்.

உப்புத்தரை விஷயத்துக்கு வர்றேன். வளைகுடா நாடுகள்ல கடலோரமா இதை சப்கான்னு சொல்வாங்க. மேல பாத்தா சிமெண்ட் போட்ட மாதிரி கெட்டியா ஒரு உப்பு ஓடு, அடியில ஈரச் சேறு. பத்து மீட்டர் நல்லா போகும், அப்புறம் ஓடு உடைஞ்சு நாலு சக்கரமும் ஒண்ணா உள்ள எறங்கும், சுத்திலும் கெட்டித் தரையே இருக்காது, இழுக்க வர்ற வண்டியும் மாட்டிக்கும். காஞ்ச ஏரித்தரையும் இப்படித்தான், முந்தின வாரம் மழை பெஞ்சிருந்தாலே உள்ள சேறு காஞ்சிருக்காது.

இன்னொரு தரை இருக்கு, அதை நாம கெடுத்துடக் கூடாது. சில பாலைவனங்கள்ல மண்ணு மேல கறுப்பா, சொரசொரன்னு, சின்னச் சின்ன கோபுரம் மாதிரி ஒரு படலம் படிஞ்சிருக்கும். அழுக்குன்னு நினைச்சுடாதீங்க, நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை, லைக்கன் எல்லாம் சேந்து மண்ணைக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கற உயிருள்ள தோல் அது. காத்துல மண்ணு பறக்காம காப்பாத்தறதே அதுதான். ஒரு டயர் ஏறினா பழைய நிலைக்கு வர பல பத்து வருஷம் ஆகும், கால் வச்சாலே நொறுங்கும். அதனாலதான் ஏற்கனவே நாலு பேர் தங்கின, தடம் விழுந்த இடத்துலயே தங்குங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க, புது இடம் உருவாக்காதீங்க.

எறங்கறப்பவே இன்னொரு கேள்வியும் கேட்டுக்கோங்க: ராத்திரி மழை வந்தா இந்த வழியா திரும்ப ரோட்டுக்கு வர முடியுமா? நடுவுல ஒரு ஓடையைக் கடந்து வந்தீங்கன்னா, களிமண் பாதைல வந்தீங்கன்னா, பதில் முடியாதுன்னுதான் வரும்.

5. தரையைப் படிக்கறது

*தண்ணி.* பாலைவனத்துல வெள்ளம் வரும்னு சொன்னா பல பேர் நம்ப மாட்டேங்கறாங்க. வெயில்ல இறுகிப் போன தரையும் பாறையும் தண்ணியை சீக்கிரம் உறிஞ்சாது, பெய்யறதுல பெரும்பகுதி அப்படியே ஓடைக்கு ஓடி வரும். அதைவிட மோசம், நம்ம தலைக்கு மேல நட்சத்திரம் மின்னிட்டிருக்கறப்பவே வெள்ளம் வரலாம், ஏன்னா மழை பெஞ்சது எங்கேயோ தூரத்து மலையில. 1997 ஆகஸ்ட் 12ம் தேதி அரிசோனாவுல ஆண்டிலோப் கேன்யன்ல 11 பேர் இப்படித்தான் செத்துப் போனாங்க, அவங்க நின்ன இடத்துல பெருசா மழையே இல்லை, பல கிலோமீட்டர் தள்ளி பெஞ்ச மழை அந்தக் குறுகலான பிளவு வழியா வந்து அடிச்சுட்டுப் போயிடுச்சு. அதனால வானிலை பாக்கறப்போ நீங்க தங்கற இடத்தோட வானிலையை மட்டும் பாக்காதீங்க, உங்க ஓடைக்கு எந்த மலையிலேர்ந்து தண்ணி வருமோ அந்த மலைக்கும் பாருங்க. அடிவானத்துல மின்னல் தெரிஞ்சா அது எந்தத் திசைன்னு மேப்போட ஒப்பிடுங்க.

ஓடையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பெரிய ஓடை பாத்ததுமே தெரியும், ஏமாத்தறது அகலமா, ஆழமே இல்லாம இருக்கற ஓடைதான். குனிஞ்சு பாருங்க. கூழாங்கல் முனை மழுங்கி உருண்டையா இருக்கா? களிமண் காஞ்சு ஓடு ஓடா சுருண்டு கிடக்கா? மணல்ல சின்ன அலை மாதிரி வரி இருக்கா? (காத்தும் வரி போடும், ஆனா தண்ணி போட்ட வரியோட சேறும் சருகும் கலந்திருக்கும்.) புதருங்க எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு, அதோட அடித்தண்டுல குப்பை சிக்கியிருக்கா? கரையோட அடிப்பக்கம் குடைஞ்ச மாதிரி இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் அது தண்ணியோட இடம். சிக்கின குப்பை எந்த உயரத்துல இருக்குன்னு பாத்து, அதைவிட நல்லா மேல, கரைக்கு மேல ஒரு படி மாதிரி இருக்கற மேட்டுல போடுங்க. மலையோட வாய்லேர்ந்து விசிறி மாதிரி விரிஞ்சு எறங்கற சரிவுலயும் கவனம், அங்க தண்ணி ஒரே பாதைல வராது, ஒவ்வொரு தடவையும் வேற வேற வாய்க்காலைப் பிடிச்சு எறங்கும்.

முழங்காலுக்கும் கீழ, 15 சென்டிமீட்டர் வேகத் தண்ணியே பெரிய ஆளைத் தள்ளி விட்டுடும், 30 சென்டிமீட்டர் சின்ன காரை நகத்தும், 60 சென்டிமீட்டர்ல பெரும்பாலான வண்டிகள் மிதந்து போயிடும். தூரத்துல ரயில் வர்ற மாதிரி ஒரு உறுமல் கேட்டுச்சுன்னா வண்டியைக் காப்பாத்த நினைக்காதீங்க, கையில இருக்கறதோட பக்கத்து மேட்டுல ஏறுங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. வறண்ட ஆத்துப்படுகைதான் விலங்குகளுக்கு நெடுஞ்சாலை. நமீபியாவோட வடமேற்குல யானைங்க ராத்திரி அந்த மணல் ஆத்து வழியாதான் நடந்து போகும், அங்க படுகைல டெண்ட் போடறது யானைப்பாதைல பாய் விரிச்ச மாதிரிதான்.

*காத்து.* மணல்மேட்டுல காத்து வர்ற பக்கம் மெதுவா ஏறும், மறுபக்கம் செங்குத்தா சரியும், அந்தச் சரிவு சுமார் 34 டிகிரி. சரிவோட அடிவாரம் காத்து மறைவா இருக்கும்னு தோணும், ஆனா உச்சிலேர்ந்து பறக்கற மணல் வந்து கொட்டற இடமும் அதேதான், ராத்திரி காத்து அடிச்சா காலைல டெண்ட் ஜிப்பைத் திறக்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, மணல்ல வண்டி ஓட்டி விளையாட வர்றவங்க மறுபக்கம் ஏறி உச்சியைத் தாண்டி நேரா கீழ எறங்குவாங்க, கீழ நாம படுத்திருக்கறது உச்சிக்கு வர்ற வரைக்கும் அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்கு எங்க டெண்டுக்கு இருபது மீட்டர் தள்ளி ஒரு வண்டி அப்படி வந்து எறங்குச்சு. அன்னிலேர்ந்து மணல்மேட்டுப் பகுதில தங்கினா, ரெண்டு மேட்டுக்கும் நடுவுல இருக்கற கெட்டித் தரைல, சரிவுலேர்ந்து நல்லா தள்ளி, மேட்டு மேல டயர் தடம் ஏறாத பக்கமா போடறேன், ஒரு சின்ன லைட்டை உயரத்துல கட்டி ராத்திரி பூரா எரிய விடறேன்.

சாதாரணமா மதியம் காத்து வேகமா இருக்கும், சூரியன் மறைஞ்சதும் அடங்கும். மலை பக்கத்துல பகல்ல காத்து மேல ஏறும், ராத்திரி குளிர்ந்து கீழ எறங்கும், அதனால சாயங்காலம் பாத்த திசையை நம்பி டெண்ட் வாசலை வச்சா நடுராத்திரி அது எதிர்ப்பக்கமா வரும். புதர் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, புதருக்குப் பின்னாடி மணல் வால் மாதிரி எந்தப் பக்கம் நீண்டிருக்குன்னு பாருங்க, அந்த ஊரோட பெரிய காத்து எந்தத் திசைலேர்ந்து வரும்னு அது சொல்லிடும்.

*குளிர், சூடு.* பகல்ல கொதிச்ச பாலைவனம் ராத்திரி நடுங்க வைக்கும், மேகமும் ஈரப்பதமும் இல்லாததால தரையோட சூடு நேரா வானத்துக்குப் போயிடும். குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். அதனால குளிர்காலத்துல பள்ளத்தோட அடிமட்டத்துல படுக்காம ஒரு பத்து இருபது மீட்டர் மேல ஏறிப் படுத்தாலே வித்தியாசம் உடம்புல தெரியும். பாருங்க, வெள்ளத்துக்கும் அதே மேடு, குளிருக்கும் அதே மேடு.

கோடைல பிரச்சனை தலைகீழ். அமெரிக்காவோட டெத் வேலி பள்ளத்தாக்குல 1913 ஜூலை 10ம் தேதி 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு, உலக சாதனைன்னு இன்னும் அதைத்தான் சொல்றாங்க. அந்த மாதிரி தாழ்வான இடத்துல ராத்திரியும் சூடு எறங்காது, பகல்ல சூடான பாறைச் சுவர் பக்கத்துல படுத்தா அடுப்பு பக்கத்துல படுத்த மாதிரி. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியா 6.5 டிகிரி குறையும், வறண்ட காத்துல அதுக்கு மேலயும் குறையும், அதனால கோடைல மேப்ல மலைப்பாதை ஏதாவது இருக்கான்னு பாத்து மேல ஏறித் தங்குங்க.

*பாறை.* செங்குத்துப் பாறைக்கு அடியில நிழல் நல்லா இருக்கும். தரைல விழுந்து கிடக்கற கல்லைப் பாருங்க, உடைஞ்ச முகம் பளிச்சுன்னு புதுசா இருந்தா சமீபத்துல விழுந்ததுன்னு அர்த்தம், வேற இடம் பாருங்க.

*சின்ன உயிருங்க.* எலி வளை, எறும்புப் புத்து, அடர்ந்த புதர், விறகுக் குவியல் இதுங்க பக்கத்துல படுக்காதீங்க, எலி இருக்கற இடத்துக்குப் பாம்பு வரும். புற ஊதா டார்ச் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, அந்த வெளிச்சத்துல தேள் பச்சை நீலமா ஒளிரும், இருட்டினதும் டெண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா எத்தனை குடியிருக்குன்னு தெரிஞ்சுடும். ஆட்டுப் புழுக்கை, ஒட்டகச் சாணம், ஒத்தையடித் தடம் நிறைய இருந்தா அது மந்தை போற வழி, கொஞ்சம் நகந்து போடுங்க.

6. மனுஷங்க

உடைஞ்ச பாட்டில், துப்பாக்கித் தோட்டா ஓடு, எரிச்ச டயர், நிறைய சிகரெட் துண்டு கிடந்தா ராத்திரி அங்க கூட்டம் வரும், கிளம்பிடுங்க. ஏற்கனவே ஒரு குடும்பம் டெண்ட் போட்டிருந்தா அவங்க குரல் நமக்குக் கேக்காத தூரத்துக்குப் போங்க, அவங்க தேடி வந்ததும் அந்த அமைதிதானே. மேய்க்கறவங்க யாராவது இருந்தா போய் வணக்கம் சொல்லி, இங்க தங்கலாமான்னு கேளுங்க. எந்த ஓடைல தண்ணி வரும், எந்தப் பக்கம் காத்து அடிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எந்த மேப்புக்கும் தெரியாது. மனசுல ஏதோ சரியில்லைன்னு பட்டா காரணம் தேடிட்டு நிக்காதீங்க, இன்னும் வெளிச்சம் இருக்கு, அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம்.

இடம் முடிவானதும் அதோட அட்சரேகை தீர்க்கரேகை நம்பரை வீட்டுக்கு அனுப்பிடுங்க, காலைல எத்தனை மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா தேடணும்னும் சேத்துச் சொல்லுங்க. சிக்னல் இல்லாத வழில அடிக்கடி போறவங்க கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் மெசேஞ்சர் வச்சுக்கறது நல்லது. ஐபோன் 14லேர்ந்து சாட்டிலைட் வழியா அவசர உதவி கேக்கற வசதி சில நாடுகள்ல இருக்கு, நீங்க போற நாட்டுல இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

7. கேம்ப் போடறது

வண்டி மூக்கை ரோடு பக்கம் திருப்பி நிறுத்துங்க, ராத்திரி கிளம்பணும்னா ரிவர்ஸ் எடுத்துத் திருப்பற வேலை இருக்கக் கூடாது. சாவி எங்க இருக்குன்னு கூட இருக்கற எல்லாருக்கும் தெரியணும். டெண்டை வண்டிக்கு மேற்குப் பக்கமா போட்டா காலைல வெயில் கிழக்குலேர்ந்து வர்றப்போ வண்டியோட நிழல் டெண்ட் மேல விழும், கூட ஒரு மணி நேரம் தூங்கலாம்.

மணல்ல சாதாரண ஆணி நிக்காது. பையில மணலை நிரப்பி, கயித்தை அதுல கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைச்சு மேல மிதிச்சு விடுங்க, எந்தக் காத்துக்கும் அசையாது. காத்து இல்லையேன்னு கயிறு கட்டாம விடாதீங்க.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 4 லிட்டர், அதோட ரெண்டு நாளைக்குக் கூடுதலா வண்டில இருக்கணும், ஒரே பெரிய கேன்ல இல்லாம நாலஞ்சு கேன்ல பிரிச்சு வைங்க, ஒண்ணு ஒழுகினாலும் மத்தது இருக்கும்.

சமைக்க கேஸ் ஸ்டவ் போதும். பாலைவனத்துல கிடக்கற காஞ்ச மரம் நமக்கு விறகு, பல்லிக்கும் பூச்சிக்கும் அது வீடு, மரம் வளர்றதும் அங்க ரொம்ப மெதுவு. அனுமதி இருக்கற இடத்துல நெருப்பு போட்டே ஆகணும்னா விறகை நீங்களே கொண்டு போய், பழைய நெருப்புக் குழிலயே சின்னதா போடுங்க. கங்கு மேல மணலை மூடிட்டுப் போறது ரொம்பத் தப்பு, மணலுக்கு அடியில சூடு மணிக்கணக்கா நிக்கும், வெறுங்காலோட ஓடி வர்ற குழந்தை அது மேல கால் வைக்கும். தண்ணி ஊத்திக் கிளறி, கையை வச்சுப் பாத்து ஆறிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் விடுங்க. குளிருதுன்னு கரி அடுப்பையோ ஹீட்டரையோ டெண்டுக்குள்ள, வண்டிக்குள்ள கொண்டு போகவே போகாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

வெளிக்குப் போக தண்ணி, ஓடை இதுங்களுக்கு 60 மீட்டராவது தள்ளி 15லேர்ந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்க. பேப்பரைப் புதைக்காதீங்க, வறண்ட மண்ணுல அது மக்காது, காத்து மணலைத் தள்ளினதும் வெளிய வந்து முள்ளுச்செடில பறந்துட்டிருக்கும். ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

8. ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா

இடி மின்னல் வந்தா டெண்டை விட்டு வண்டிக்குள்ள போய் கண்ணாடியை ஏத்திடுங்க, கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய வரணும். மணல் புயல் வந்தாலும் வண்டிக்குள்ளதான், டெண்ட் கம்பியைக் கழட்டித் துணியைத் தரையோட படுக்க விட்டு மேல கனமா எதையாவது வச்சுட்டுப் போங்க, நிமித்தியே வச்சா கம்பி உடையும். ஏற்கனவே மேட்டுல இருக்கறதால மழை வந்தா நீங்க எங்கேயும் ஓட வேண்டியதில்லை, பாதை காயற வரைக்கும் அங்கேயே இருக்கறதுதான் வேலை, அந்தக் கூடுதல் தண்ணி இதுக்குத்தான்.

9. காலைல

ஷூவை உதறிட்டுப் போடுங்க. ஸ்லீப்பிங் பேக்கையும் டெண்டையும் சுருட்டறதுக்கு முன்னாடி உதறுங்க, அடியில சூடா இருக்குன்னு தேள் வந்து ஒண்டியிருக்கும். வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க, ஆடோ நாயோ படுத்திருக்கலாம், எண்ணெய் ஒழுகியிருந்தாலும் அப்போ தெரியும். வந்த தடத்துலயே வெளிய போங்க, தார் ரோடு தொடறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் காத்தை ஏத்திடுங்க. நான் கிளம்பறதுக்கு முன்னாடி நோட்டுல அந்த இடத்தோட நம்பர், மாசம், ராத்திரி காத்து எந்தப் பக்கம் மாறுச்சு, எத்தனை மணிக்கு நிழல் போச்சுன்னு ரெண்டு வரி எழுதிக்கறேன், அடுத்த தடவை அந்தப் பக்கம் வர்றப்போ மூணு இடத்துல ஒண்ணு ஏற்கனவே ரெடி.